குவாத்தமாலா பஸ்ஸில் அக்கா கொடுத்த பை

1

இலங்கை ஹட்டனிலிருந்து மூன்று பிள்ளைகள் சேர்ந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணே, முதுகில ஒரு பைய மாட்டிக்கிட்டு குவாத்தமாலாவ சுத்திப் பாக்கப் போறோம். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கமாகச் சொல்ல நான் என்ன தந்தியா அடிக்கிறேன்? இந்த அத்தித்லான் ஏரிக்கரையில் கால் வைத்து இன்றோடு பதினோரு வருஷம் ஆகிறது. வாய் நிறையப் பேச்சு இருக்கிறது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்தவன் நான். கப்பல் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். பக்கத்து மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்த மார்த்தாவைக் கட்டிக்கொண்டேன். அவளோடு அவள் ஊருக்கே வந்து இறங்கிவிட்டேன். இப்போது எங்களுக்கு எட்டுக் கட்டில் போட்ட ஒரு தங்குமிடம் உண்டு. உலகத்து முதுகுப்பையெல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து விழுகிறது. ஆகவே கேட்டவர்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் புறப்பட்ட வருஷம் ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நானா என்போம், கேட்டார், "குவாத்தமாலாவா? அது சவூதிக்கு அந்தப் பக்கமா தம்பி?" இல்லை நானா. மெக்சிகோவுக்குக் கீழே. நீர் மேலே மூன்று எரிமலை, தலைகீழாக நீருக்குள் மூன்று எரிமலை. ஆக ஆறு. காலையில் நான் பல் துலக்கும்போது ஆறும் என்னைப் பார்க்கும்.

2

முதலாவது, விசா. நம் பாஸ்போட்டைக் கண்டால் விசா கேட்பார்கள். விசாவுக்கு விண்ணப்பித்தால் கடிதம் கேட்பார்கள். கடிதம் கொடுத்தால் இன்னொரு கடிதம் கேட்பார்கள். வழியில் விமானம் மாறுகிற நாடும் விசா கேட்கிறதா என்று டிக்கெட் வாங்குமுன் பாருங்கள். எல்லாவற்றையும் நாலு நாலு பிரதி எடுங்கள். ஒன்றைப் பையிலும், ஒன்றை இடுப்பிலும், ஒன்றை போனிலும், ஒன்றை உங்கள் அம்மாவிடமும் வையுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அக்கா பாக்கியத்துக்கு விசா எடுத்த பாடு சொல்ல வைக்கிறது. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, போன வருஷம் தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டாள். வெட்டிய கையோடு எனக்கு போன் போட்டாள்.

"டேய் தம்பி, விடியக் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போய்ப் போயே என் காலு தேஞ்சிருச்சு. மிச்சமிருக்குற காலுல உன் ஊரப் பாக்கணும்."

இந்த நாட்டில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. கணினிப் படிவம் அக்காவிடம் இரண்டாவதைக் கேட்டது. வெற்றாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கோடு போட்டாலும் திறக்காது. மூன்று நாள் போராடினேன்.

"அக்கா, இன்னொரு பேரு வேணுமாம்."

"இருக்குற ஒண்ணையே வேல வாங்குற கண்டாக்கையா ஒழுங்கா கூப்பிட்டதில்ல. எனக்கு ஒண்ணு போதும்னு சொல்லு."

அதைக் கணினியிடம் யார் சொல்வது? கடைசியில் அம்மாவின் பெயரைப் போட்டேன். கதவு திறந்தது. செத்துப் பதினைந்து வருஷமான அம்மா, மகளைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தாள்.

3

இரண்டாவது, பை. சின்னதாகக் கொண்டு வாருங்கள். முதுகில் மாட்டுவதைவிட நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள். அக்கா பையை நெஞ்சிலும் மாட்டவில்லை, தோளிலும் மாட்டவில்லை. விமான நிலையக் கதவு திறந்தபோது, தன் மகள் தர்ஷினியின் பழைய பள்ளிக்கூடப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஆமாம், தலையில். இரண்டு வாரையும் சேர்த்து முடிந்து உச்சந்தலையில் போட்டு, பை முதுகில் ஆட, கொழுந்துக் கூடையோடு மலையிறங்குகிற அதே நடை.

எங்கள் மகள் நிலாவுக்குப் பத்து வயது. அவள் அப்போதுதான் முதன்முதலாக அத்தையை நேரில் பார்க்கிறாள். அவளுடைய தமிழ் ஒரு கைப்பிடி: வாங்க, சாப்பிடுங்க, போதும், போங்கப்பா. மிச்சமெல்லாம் ஸ்பானிஷ். நான் கேட்டால் அதிலேயே பதில் சொல்வாள், நான் தமிழில் திட்டுவேன், அவள் ஸ்பானிஷில் திருப்பித் திட்டுவாள். வீட்டில் சண்டை எப்போதும் இரு மொழிகளில் நடக்கும்.

எங்கள் பக்கத்துச் சோலோலா சந்தையில் ஒரு பெரியவர் விறகுக்கட்டை அகலமான தோல் பட்டையில் கட்டி நெற்றியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். இங்கே மாயா ஆட்கள் சுமப்பது அப்படித்தான். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்காவும் நின்றாள். பட்டை நெற்றியில் இருக்க வேண்டும் என்று அவர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். உச்சியில்தான் இருக்க வேண்டும் என்று அக்கா தன் தலையைத் தட்டிக் காட்டினாள்.

"நெத்தியில மாட்டுனா கழுத்து போயிரும் ஐயா. கேளுங்க சொல்றத!"

அவர் அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். அதுவும் இதேபோல்தான் இருந்திருக்க வேண்டும். சந்தை நடுவில் ஒருவர் சுமையை ஒருவர் மாட்டிப் பார்த்தார்கள். இருவரும் முகம் சுளித்தார்கள். இருவரும் தலையை ஆட்டிவிட்டுப் பிரிந்தார்கள். நிலா வெட்கத்தில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்கா லிந்துலையிலிருந்து இருபது பைக்கட் தேயிலை கொண்டு வந்திருந்தாள். யாரைக் கண்டாலும் கொடுத்தாள். படகுக்காரர், பழக்காரி, கோயில் மணி அடிக்கிறவர், எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒல்லாந்துப் பையன்கள். நிலாவின் வேலை பக்கத்தில் நின்று ஸ்பானிஷில் ஒரே வாக்கியம் சொல்வது: "எங்கள் அத்தையின் பரிசு." திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அக்கா வந்தது மூன்று வாரத்துக்கு மட்டும். தர்ஷினிக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளை தவறிப்போயிற்று. அன்று அக்கா தூரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்து, அவள் இறங்கி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இந்த வாட்டி நீ என் கையப் புடிச்சிருக்கணும்மா" என்று சொல்லித்தான் தர்ஷினி அனுப்பிவைத்திருந்தாள். திரும்பும் டிக்கெட்டை அக்கா என் கண்முன் மூன்று தடவை விரித்துப் பார்த்தாள்.

4

நடுவில் சில்லறை யோசனைகள். ஏரியைக் காலையில் கடந்துவிடுங்கள். பின்னேரம் காற்று எழும்பினால் படகு குதிரையாகிவிடும். மழைக்காலத்து மழை நம் லிந்துலை மழைதான்: மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும், தேநீரையும் குடித்துவிட்டுத்தான் போகும். சோள ரொட்டியைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், ஆறினால் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். முகம் தெரியாதவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், "நல்லாச் சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். கொழுந்து பறிக்கிற நம் பெண்களை வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் படம் எடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கை தானாகக் கீழே இறங்கிவிடும்.

காப்பித் தோட்டம் பார்க்கப் போனால் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். சிவப்புப் பழம் எப்படிப் பறிப்பது என்று தோட்டக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரு முழுச் செடியின் தளிரையெல்லாம் கிள்ளி மடி நிறையச் சேர்த்திருந்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு, தேயிலை பறிக்கிற அதே கணக்கு. பழம் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"கை தன்னால போயிருச்சுடா" என்றாள். தோட்டக்காரர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

5

இனி பஸ். கவனமாகப் படியுங்கள்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிச் சலித்த பழைய பஸ்களை இங்கே கொண்டுவந்து, திருவிழாத் தேர் போல வண்ணம் தீட்டி ஓட்டுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிற ஆசனத்தில் மூன்று பெரியவர்கள். நடுவில் நிற்பவர்களுக்குக் கணக்கே இல்லை. ஹட்டன் நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஆபத்தே அதுதான்.

அக்கா திரும்புவதற்கு நாலு நாள் இருந்தது. சந்தை நாள். முன்கதவால் அக்காவும் நிலாவும் ஏறினார்கள். நான் முட்டைக்கோசு மூட்டைகளோடு பின்கதவில் தொங்கினேன். அங்கிருந்து எனக்கு அக்காவின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் ஊர் பஸ்ஸில் நிற்கிறவர் என்ன செய்வார்? உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைப்பார். கேட்கவே வேண்டாம், உட்கார்ந்திருப்பவரே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று பை பார்ப்பதில்லை. அக்காவும் அதையே செய்தாள். ஒரு கையில் சேவலை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு மாயா அம்மாவின் மடியில் பையை வைத்து, சிரித்து, தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தியில் பாதி பஸ் இறங்கியது. அக்காவும் நிலாவும் இறங்கினார்கள். நானும் கோசுகளோடு குதித்தேன். அக்கா நேராக அந்த அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே போய், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். நம் ஊரில் பை ஜன்னல் வழியாகத்தானே வரும்!

ஜன்னலுக்குள் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவர் அக்காவைப் பார்த்துக் கையசைத்தார். பையை நெஞ்சோடு சேர்த்து இன்னொரு தடவை கையசைத்தார். சேவலின் இறக்கையைப் பிடித்து அதையும் அசைக்க வைத்தார். பஸ் புகை விட்டுக் கிளம்பியது.

அக்கா தூக்கிய கை தூக்கியபடி நின்றாள்.

"என்னடா தம்பி, டாட்டா காட்டிட்டுப் போறாங்க?"

"யாரு?"

"பைய வச்சிருந்த அம்மா."

"எந்த அம்மா?"

"சேவல வச்சிருந்தாங்களே, அவங்கதான்!"

"பைக்குள்ள என்ன இருக்கு?"

"தேயில. சீப்பு. திருநீறு." கொஞ்சம் நின்று, குரல் இறங்கி, "பாஸ்போட்டு."

பிரதிகள் நாலும்? இடுப்பில் இருக்க வேண்டியதையும் அக்கா பத்திரமாக அந்தப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். போனிலும் தர்ஷினியிடமும் இருந்த மற்ற இரண்டும் பத்திரமாக இருந்தன. ஆனால் பிரதியைக் காட்டி யாரும் விமானம் ஏற முடியாது. நம் தூதரகம் இந்த நாட்டில் இல்லை. வேறு நாட்டுக்கு எழுதி, பதில் வந்து, புதுப் பாஸ்போட் கைக்கு வருவதற்குள் தர்ஷினியின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

6

சந்தியிலிருந்த காவல் நிலையத்துக்கு ஓடினோம். அதிகாரி நல்ல மனிதர். படிவத்தை எடுத்தார்.

"திருட்டா?"

"இல்லை."

"தொலைந்துவிட்டதா?"

"இல்லை. கொடுத்துவிட்டார்."

"மிரட்டி வாங்கினார்களா?"

"இவரே மடியில் வைத்தார்."

"எதற்காக?"

"நின்றுகொண்டிருந்தார். அதற்காக."

அவர் பேனாவை மூடி வைத்தார். பதற்றத்தில் எனக்கு ஸ்பானிஷ் மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து காக்கிச் சட்டைக்கு முன் பேசிய மொழி வாயில் வந்து விழுந்தது: "பொட்டக் இன்ன, மஹத்தயா!" கொஞ்சம் பொறுங்க ஐயா என்று ஒரு குவாத்தமாலாப் போலீஸ்காரரிடம் சிங்களத்தில் கெஞ்சிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"என்னடா கேக்குறாரு?" என்றாள் அக்கா.

"பைய ஏன் குடுத்தேன்னு கேக்குறாரு."

"நிக்கிறவ பைய உக்காந்திருக்கிறவங்க வாங்கலன்னா அது என்னா பஸ்ஸுன்னு கேளு!"

அப்போதுதான் நிலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் சிவந்திருந்தது. ஸ்பானிஷில் முணுமுணுத்தாள்: "அப்பா, அந்த அம்மா என்னிடம் 'எனக்கா?' என்று கேட்டார். நான்... 'ஆமாம், எங்கள் அத்தையின் பரிசு' என்று சொல்லிவிட்டேன்."

பஸ்ஸில் பை வாங்குகிற வழக்கத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பதினோரு வருஷத்தில் அதைச் சொல்ல வேண்டிய ஒரு நேரம்கூட வரவில்லை.

நான் அக்காவிடம் சொன்னேன். அவள் நிலாவைத் திட்டவில்லை. "அப்ப அவங்க மேலயும் தப்பில்ல" என்றாள். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "மறுபடியும் புள்ள தனியாவே கெடக்கப் போகுதாடா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நிலாவுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ. விடுவிடு என்று வெளியே போனாள். போகிற வருகிற பஸ்களின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு சந்தி நடுவில் நின்றாள். ஒன்றரை மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. பிறகு "அப்பா!" என்று ஒரு கத்தல். நாங்கள் வந்த அதே பச்சைப் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. பஸ் நிற்குமுன் ஏறி, பெரிய மீசை வைத்த கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேவலோடு ஒரு அம்மா! பரிசுப் பையோடு!"

"தோமாசாவா?" என்று அவர் சிரித்தார். "அந்தப் பைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே இறங்கினாளே! மூன்றாவது ஊர், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு."

7

தோமாசாவின் வீட்டில் ஊரே கூடியிருந்தது. அடுப்பில் பெரிய பானை. லிந்துலைத் தேயிலை ஒரு பைக்கட் முழுவதும் அதற்குள் கொதித்துக் கருங்கடலாகி, குவளை குவளையாக வெளியே வந்துகொண்டிருந்தது. குடித்தவர்கள் எல்லாரும் மரியாதைக்காக முகத்தைக் கோணாமல் வைத்திருந்தார்கள்.

"பாஸ்போட்டு எங்கடா?" என்றாள் அக்கா.

நிலாதான் முதலில் கண்டாள். மூலையில் புனிதர்களின் மாடம். மாதா, குழந்தை இயேசு, பட்டுச் சட்டை போட்ட ஏதோ ஒரு புனிதர். அவர்களுக்கு நடுவில், படம் இருக்கிற பக்கம் விரித்து, சாய்த்து வைத்து, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிய நிலையில் என் அக்கா பாக்கியம். முகம் தெரியாத ஒருத்தி முழுப் பையையும் தூக்கிக் கொடுத்துத் தன் படத்தையும் வைத்துவிட்டுப் போனால், வேறு எங்கே வைப்பதாம்?

நிலா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஸ்பானிஷில் சொன்னாள். தோமாசாவின் மருமகள் அதை அவர்கள் மொழிக்கு மாற்றினாள். தோமாசா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு அக்கா ஜன்னலுக்குக் கீழே கையைத் தூக்கியதை அப்படியே நடித்துக் காட்டினார். பிறகு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் தொடையை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் அக்கா தன் வயிற்றைத் தொட்டு, தூரத்தைக் காட்டி, கையில் பிள்ளையை ஏந்துவது போலத் தாலாட்டிக் காட்டினாள். இதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தோமாசா சட்டென்று எழுந்து பையை எடுத்தார்.

அக்கா பாஸ்போட்டையும் திருநீற்றையும் மட்டும் வாங்கிக்கொண்டாள். "பைய அவங்களே வச்சுக்கட்டும். குடுத்தது குடுத்ததுதான். இப்ப சரியாச் சொல்லு புள்ள, அத்தையோட பரிசுன்னு."

நிலா சொன்னாள். கூட்டம் கைதட்டியது. தோமாசா பதிலுக்கு, பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்கிற சிவப்பு நெசவுத் துணி ஒன்றை மடித்து அக்காவின் தோளில் போட்டார்.

8

விமான நிலையத்தில் ஒரு சின்னத் தடங்கல். மெழுகு ஒரு சொட்டு, படத்தில் அக்காவின் கன்னத்தில் விழுந்து காய்ந்திருந்தது. வீட்டில் அதைச் சுரண்ட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரி நகத்தால் தொட்டுப் பார்த்தார். அக்காவின் உண்மைக் கன்னத்தைப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் பாஸ்போட்டை மோந்து பார்த்தார். எங்களையும் பக்கத்தில் அழைத்தார்கள்.

"இது என்ன?"

நான் வாயைத் திறக்குமுன் நிலா முன்னால் போனாள். பஸ், மடி, சேவல், மாடம், மெழுகுவர்த்தி. ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். கடைசியில் தர்ஷினியைப் பற்றியும் போன தடவை நடந்ததையும் சொன்னாள். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. மூன்று வாரத்தில் இருவரும் எந்த மொழியில் என்னென்ன பேசிக்கொண்டார்களோ, தெரியாது.

அதிகாரி ஒரு சின்ன அட்டையின் ஓரத்தால் மெழுகை மெல்ல நெம்பினார். அது முழுசாகக் கழன்று வந்தது. முகத்துக்குச் சேதமில்லை. முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தைவிட நல்ல மேளத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அக்கா போய்ச் சேர்ந்தாள். நாங்கள் போனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். பத்தாவது நாள் இங்கே காலைச் சாப்பாட்டு நேரம், அங்கே பொழுது சாய்கிற நேரம், அக்காவே போன் போட்டாள்.

"நாள் தாண்டிப்போச்சுன்னு காலையில வார்டுல சேத்திருக்கோம்டா. இன்னும் வரமாட்டேங்குது! இதுக்கா அந்தப் பாடு பட்டு ஓடி வந்தேன்? எரிமல மேல ஏறி எறங்கி, அந்தம்மா வீட்டுல ரெண்டு நாள் தங்கி, ஆற அமர வந்திருப்பேன். தர்ஷினியோட அப்பன மாதிரியே பெரட்டுக்குப் பிந்தி வர்ற புள்ள..."

அதற்குள் அந்தப் பக்கம் தர்ஷினி "அம்மா!" என்று கத்தினாள். "இந்தா, இந்தா, இங்கதான்டி இருக்கேன், புடிச்சுக்க" என்று அக்காவின் குரல் தள்ளிப் போனது. இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எங்கும் போகவில்லை. படகைப் பிடிக்க வேண்டியவர்கள் படகை விட்டார்கள். எரிமலை ஏற வேண்டியவர்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். மார்த்தா மூன்று தடவை காப்பி போட்டாள். போன் அடித்ததும் நிலா பாய்ந்து எடுத்து, சத்தத்தைக் கூட்டி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

அக்கா போனை அந்தச் சின்ன வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருப்பாள் போல. டிக்கோயாவில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. எங்கள் மேசையைச் சுற்றி நாலு நாட்டுக்காரர்கள், வாயில் வைத்ததை மெல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தார்கள்.